எட்டுக் கிராம் இரும்பு

கனடாவில் பொறியியல் ஆய்வு மாணவனாக இருக்கும் என் பெறாமகன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தொலைபேசியில் அழைப்பான். சுகம் விசாரித்து முடித்த பின்னர் ஏதாவதொரு விவாதத்தைத் தொடக்கிவிடுவது அவன் வழக்கம். எனக்கும் அது பிடிக்கும். அண்மையில் அவன் எடுத்துக்கொண்ட பொருள், விஞ்ஞான ஆய்வுக்கும் தொழில்நுட்பக் கண்டுபிடிப்புக்கும் சமூகம் எல்லை வகுக்கலாமா என்பது. அவனது துறையில் தானாக முடிவெடுத்து இயங்கும் இயந்திரங்களைப் பற்றி ஆராய்கிறார்கள். அத்தகைய ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவொன்றின் அனுமதி வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்திருக்கிறதாம். அவனுக்கு அது கொஞ்சமும் உவப்பாக இல்லை.

"சித்தப்பா, அறியிறதுக்கு ஆரும் எல்லை போடேலுமோ? அப்பிடிப் போட்டிருந்தா மனிசர் இன்னும் குகைக்குள்ளதான் இருந்திருப்பினம்" என்றான்.

உடனடியாக என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனம் முதலில் அவன் பக்கமே சாய்ந்தது. நான் கலைப் பட்டதாரி; பெளதிகவியல் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆயினும் எல்லை வகுப்போரைப் பற்றிச் சிறிது அறிவேன். 1633 இல் கலிலியோவை மண்டியிட வைத்தவர்கள் எல்லை வகுத்தவர்களே. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, அவசரகாலச் சட்டவிதிகளின் கீழ் தணிக்கை அதிகாரியின் பேனா எத்தனை செய்திகளைத் தின்றது என்பதும் தெரியும். "பொதுநலன் கருதி" என்று தொடங்கும் எந்தச் சுற்றறிக்கையைக் கண்டாலும் என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். எல்லை என்ற சொல்லே எங்களுக்கு ஆகாத சொல்.

ஆனால் அவனுக்கு "ஓம், நீ சொல்வது சரி" என்று சொல்லவும் நாவெழவில்லை. முகமாலையில் ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது.

2017 டிசெம்பரில், ஆளெதிர் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்பாட்டில் இலங்கை இணைந்தது. அதற்குச் சில வாரங்களின் பின்னர் முகமாலைக்குச் சென்றிருந்தேன். யாழ்ப்பாணத்தாருக்கு அந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்த பின்னர், போரின் கடைசிக் கட்டம் வரை, இரண்டு படைகளும் எதிரெதிரே குந்தியிருந்த முன்னரங்கு அது. 2002 இல் பாதை திறந்தபோது, பயணப் பைகளைத் திறந்து காட்டியபடி நாங்கள் வெயிலில் வரிசையாக நின்ற இடமும் அதுதான். வீதியின் இருமருங்கிலும் தலையில்லாத பனைகள் நின்றன. அவற்றின் அடியில் எத்தனை மிதிவெடிகள் கிடந்தன என்று அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

நான் சென்றபோது அங்கே மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும், குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகளும் அவர்களுள் இருந்தனர். உள்ளே செல்லுமுன் என் இரத்த வகையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மார்புக் கவசமும் முகக் கவசமும் தந்தார்கள். சிவப்புத் தலை கொண்ட தடிகளைத் தாண்டி ஓர் அடியும் வைக்கக் கூடாது என்றார்கள். ஒரு தாச்சி மறிக்கும் கோட்டின் அகலமே இருந்த பாதையில், முழந்தாளிட்ட ஒரு பெண், சருகு வாரும் வாரியைப் போன்ற கருவியொன்றினால் மண்ணை மெல்ல மெல்லத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு மீற்றர் நிலத்தைக் கடக்க அவருக்கு அரை நாள் பிடிக்கும் போலிருந்தது.

இடைவேளையில் அவரிடம் பேசினேன். உலோகம் கண்டறியும் கருவி இருக்க, இந்த வாரி எதற்கு என்று கேட்டேன்.

"அது இந்த மண்ணுக்குச் சரிவராது ஐயா. இஞ்ச நிலம் முழுக்க ஷெல் துண்டும் சன்னமும்தான். கத்தக் கூடாததுக்கெல்லாம் கத்தும். கத்த வேண்டியதுக்குக் கத்தாது. இந்த வெடிக்குள்ள இரும்பு காணாது" என்றார்.

பின்னர் ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இதைச் செய்தவைக்கு, இதை எப்பிடித் திருப்பி எடுக்கிறதெண்டு தெரிஞ்சிருக்குமோ ஐயா?"

செய்தியாளனாகக் கேள்வி கேட்கப் போனவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையிருக்கவில்லை.

அலுவலகம் திரும்பிய பின்னரே இந்த இரும்பு காணாத வெடியின் கதையைத் தேடிப் படித்தேன். அது ஓர் ஆராய்ச்சிப் போட்டியின் கதை. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியியலாளரான யோசெப் கோசாக்கி, ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த காலத்தில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி கண்டறியும் கருவியொன்றை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பெறாமல் பிரித்தானிய இராணுவத்துக்கு அதனை வழங்கினார். 1942 இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அது எத்தனையோ படையினரின் கால்களைக் காத்தது. அதே போரில் ஜேர்மனியர் மரப்பெட்டியில் அடைத்த மிதிவெடியையும், பின்னர் கண்ணாடியால் ஆன மிதிவெடியையும் களத்தில் இறக்கினர். கருவி உலோகத்தைத் தேடுகிறது என்றால், உலோகத்தைக் குறைத்துவிட்டால் போயிற்று! போருக்குப் பின்னர் பிளாஸ்ரிக் வந்தது. மிதிவெடியின் உடல் முழுவதும் பிளாஸ்ரிக்கானது. ஊசியும் சிறு சுருளும் மட்டுமே உலோகமாக எஞ்சின. பாகிஸ்தானில் தயாரான பி4 வகை அத்தகையது. முகமாலை போன்ற நிலங்களில் எடுக்கப்பட்டவற்றுள் அந்த வகைக்குக் கணிசமான பங்கு உண்டு.

பொறியியல் நோக்கில் பார்த்தால் இது பாராட்டத்தக்க முன்னேற்றம். பாரம் குறைந்தது, விலை குறைந்தது, துருப்பிடிக்காது, மழையில் பழுதாகாது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், கொடுத்த கணக்கைச் சரியாகச் செய்து முடித்திருக்கிறார். மாலையில் வீடு சென்று பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் சொல்லிக் கொடுத்திருப்பார். போர் எத்தனை ஆண்டுகளில் முடியும், வெடி எத்தனை ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்குமாறு அவரிடம் எவரும் கேட்கவில்லை.

அவரை மட்டும் குற்றஞ் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவனாகவும் பத்திரிகைக்குப் பகுதிநேரமாக எழுதுபவனாகவும் இருந்தேன். பெற்றோல் இல்லை, ஒரு சில சொட்டுகளில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. மின்சாரம் இல்லை; துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிக்கன விளக்குச் செய்தோம். கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வந்தது. "எங்கடை பெடியளின்ரை மூளை" என்று ஊரே வியந்தது. நானும் அந்த வியப்பை எழுதினேன்.

அந்த மூளையின் விளைபொருள்களுள் ஜொனி என்ற பெயர் கொண்ட மிதிவெடியும் ஒன்று. சிறியதொரு மரப்பெட்டி, உள்ளே வெடிமருந்து. உலோகம் மிகக் குறைவு. விடுதலைப் புலிகள் அதனை உள்ளூரிலேயே செய்தார்கள். பின்னாளில் பாகிஸ்தானியப் பி4 வெடியைப் பார்த்து அதன் பிரதியையும் செய்தார்கள். அன்று அதனைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்குள் எழுந்த உணர்வு பெருமிதம் என்பதை இங்கே பதிந்தாக வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலை செய்வதை எங்கள் தச்சுப் பட்டறை செய்கிறதே என்ற பெருமிதம். அந்தப் பெட்டி யாருடைய காலுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அச்சிட்டிருக்க முடியாது என்பது வேறு விடயம். ஆனால் அச்சிட முடியாததை மனத்துக்குள் கேட்பதற்கு எந்தத் தணிக்கையும் தடையாக இருக்கவில்லை. முகமாலையில் அந்தப் பெண் முழந்தாளிட்டிருந்த மண்ணில் இரண்டு தரப்பு வெடிகளும் இருந்தன. வாரியின் பற்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சரி, கண்டுபிடிப்புகளுக்கு உலகம் எல்லை வகுத்ததே இல்லையா? வகுத்திருக்கிறது. 1860 களில் ரஷ்ய இராணுவம் உடலில் பட்டதும் வெடிக்கும் துப்பாக்கிச் சன்னமொன்றை உருவாக்கியது. அதன் கொடுமையைக் கண்டு தானும் பாவிப்பதில்லை, பிறரையும் பாவிக்க விடுவதில்லை என்று எண்ணி மற்ற நாடுகளை அழைத்தது. 1868 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் பிறந்தது. 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் எறிபொருள்களை அது தடைசெய்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம் டம் ஆயுதசாலையில், உடலுக்குள் சென்று விரியும் சன்னத்தைப் பிரித்தானியர் செய்தனர். 1899 இல் ஹேக் மாநாடு அதனைத் தடுத்தது. பிரித்தானியா அந்தத் தடையை ஏற்றுக்கொள்வதற்கு 1907 வரை சென்றது.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தது 1996 மே மாதத்தில் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஒரு விதி. மரபுவழி ஆயுதங்கள் தொடர்பான உடன்படிக்கையின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறையில் அது வருகிறது. ஆளெதிர் மிதிவெடி ஒவ்வொன்றும், எட்டுக் கிராம் இரும்புக்குச் சமமான சமிக்ஞையைத் தருவதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இரும்பை அகற்றுவதற்காக ஐம்பது ஆண்டுகள் பாடுபட்ட பொறியியலாளரிடம், "தயவுசெய்து எட்டுக் கிராமைத் திருப்பி வையுங்கள்" என்று சட்டம் கேட்டது. மனிதன் தன் அறிவை ஓரடி பின்னுக்கு எடுத்து வைத்த அபூர்வமான தருணங்களுள் அது ஒன்று என்று நினைக்கிறேன்.

அது போதுமானதாக இருந்ததா என்றால், இல்லை. விதியைச் செயற்படுத்த ஒன்பது ஆண்டுகள் வரை ஒத்திவைக்கும் சலுகையும் அதே நெறிமுறையில் இருந்தது. தேடுவதற்குக் கருவியும் பயிற்சியும் உள்ளவனுக்கே எட்டுக் கிராம் உதவும். விறகு பொறுக்கச் செல்பவளுக்கு உதவாது. எனவேதான் 1997 டிசெம்பரில் ஒட்டாவாவில் முழுத் தடை வந்தது. அதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் அவ்வாண்டு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. இலங்கை இணைவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. கையிருப்பிலிருந்த சுமார் 57 ஆயிரம் மிதிவெடிகளை 2021 இல் அழித்து முடித்தோம். நிலத்திலுள்ளவற்றை அகற்றுவதற்கு உடன்பாடு தந்திருக்கும் காலக்கெடு 2028 ஜூன்.

பெறாமகனின் வாதத்துக்கு இப்போது வருகிறேன். எல்லை போட்டால் அறிவு நின்றுவிடும் என்கிறான். அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபரில், மனிதரை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென வடிவமைக்கப்படும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் நெறிமுறை வியன்னாவில் ஏற்கப்பட்டது. அத்தகைய ஆயுதம் போர்க்களத்தில் பரவுவதற்கு முன்னரே வந்த தடை அது. அதனால் லேசர் ஆராய்ச்சி நின்றுபோனதா? அதே மாதத்தில்தான் பார்வைக் குறையை லேசரால் சீர்செய்யும் சிகிச்சைக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அந்தச் சிகிச்சையின் வேர் 1981 இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், தம் சகாக்கள் இருவருடன், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள இழையம் கருகாமல் அது சுத்தமாக வெட்டியது. ஒரே ஒளி, ஒன்றில் கண்ணைப் பறிக்கலாம், மற்றதில் கண்ணைக் கொடுக்கலாம். உலகம் ஒளியைத் தடுக்கவில்லை. ஒரு நோக்கத்தைத் தடுத்தது. லேசர் சிகிச்சை செய்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறிந்தவர்களுள் என் பெறாமகனும் ஒருவன்.

எல்லைகள் எல்லாம் நல்லவை என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. 2021 ஆம் ஆண்டை மேலே குறிப்பிட்டேன். மிதிவெடிக் கையிருப்பை அழித்து முடித்த அதே ஆண்டின் மே மாதத்தில், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயன உரத்தினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலில் தடைசெய்தது. மண்ணையும் மக்களின் நலத்தையும் காப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் குற்றம் காண்பது கடினம். ஆனால் கமக்காரரைக் கேட்கவில்லை. விவசாயப் பேராசிரியர்களின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கவில்லை. மாற்றுப் பசளை போதியளவு கையில் இல்லை. அந்தப் பெரும்போகத்தில் நெல் சரிந்தது. அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. நவம்பருக்குள் தடையைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டார்கள். ஒரு தொழில்நுட்பத்துக்கு எல்லை வகுப்பதிலும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஒட்டாவா உடன்பாடு கையிருப்பை அழிக்க நான்கு ஆண்டுகளும் நிலத்தைத் துப்புரவாக்கப் பத்து ஆண்டுகளும் கொடுத்தது. காலிழந்தவர்களைச் சபையில் அமர்த்திப் பேசவிட்டது. உரத்தடை எவருக்கும் ஒரு போகத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே, எல்லை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதால் அதிக பயனில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எதற்கு, எந்த இடத்தில், யாரைக் கேட்டு என்பவையே கேட்க வேண்டியவை. இதில் எனக்கு வழிகாட்டுவது எங்கள் ஊர்க் கூத்துகளில் விடிய விடியப் பார்த்த பாரதக் கதை. போர் முடிந்த பின்னர், அசுவத்தாமனும் அருச்சுனனும் ஒருவர்மீது ஒருவர் பிரம்மாஸ்திரத்தை ஏவுகிறார்கள். உலகம் அழியப் போகிறது என்று கண்ட வியாசர் இருவரையும் அஸ்திரத்தைத் திரும்ப அழைக்கச் சொல்கிறார். அருச்சுனன் அழைத்துக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு ஏவத் தெரியும், அழைக்கத் தெரியாது. அந்த அஸ்திரம் கடைசியில் உத்தரையின் வயிற்றிலிருந்த சிசுவைத் தேடிப் போகிறது.

கதை கேட்ட வயதில் அசுவத்தாமனின் கொடுமை மட்டுமே மனத்தில் பதிந்தது. இப்போது வேறொன்று தெரிகிறது. இருவரும் ஒரே குருவிடம் கற்றவர்கள். இருவரிடமும் ஒரே அஸ்திரம். அறிவில் வேறுபாடு எங்கே என்றால், திரும்ப அழைக்கும் வித்தையில். முகமாலைப் பெண் தேநீர் குடித்தபடி என்னிடம் கேட்டதும் அதைத்தான். போர் முடிந்த பின்னர் பிறந்த குழந்தைகள் விளையாடும் நிலத்தில் இன்னமும் வெடி இருக்கிறது என்றால், அந்த அஸ்திரமும் கருவிலிருந்தவர்களைத் தேடியே போயிருக்கிறது.

அறிதலுக்கு எல்லை வேண்டாம் என்பதில் என் பெறாமகனோடு நான் உடன்படுகிறேன். செய்ததை உலகத்தில் இறக்கிவிடும் இடத்தில் எல்லை வேண்டும். அவ்விடத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இதைத் திரும்ப அழைக்க முடியுமா? முடியாதென்றால், பின்னால் வருபவன் தேடினால் அது அகப்படுமா? இரண்டுக்கும் இல்லை என்பதே விடையானால், அது எத்தனை புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பாக இருந்தாலும் ஆய்வுகூடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. விடை சொல்ல வேண்டியவர்களுள் அந்த நிலத்தில் நடக்கப் போகிறவர்களும் இருக்க வேண்டும்.

இவ்வாறு வகுக்கும் எல்லைகள் நிலைக்குமா என்ற கவலையும் எனக்கு உண்டு. ஒட்டாவா உடன்பாட்டில் 160 க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவை என்றுமே அதில் இணைந்ததில்லை. 2025 இல் லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் அதிலிருந்து விலகத் தீர்மானித்தன. ரஷ்யா உக்ரேனில் நடத்தும் போரைக் கண்ட அயலவரின் அச்சம் அது. கோசாக்கி பிறந்த போலந்தும் அதில் இருக்கிறது என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. அவர்களின் அச்சத்தை நான் எள்ளவில்லை. முன்னரங்குக்கு அருகில் வாழ்ந்தவனுக்கு அந்த அச்சம் தெரியும். ஆனால் அச்சத்தில் புதைத்ததை யார் முழந்தாளிட்டு எடுக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இனி வரப்போவது இதனிலும் சிக்கலானது. மிதிவெடியை ஒரு வகையில் முதல் தன்னியக்க ஆயுதம் எனலாம். புதைத்தவன் போய்விடுகிறான்; யாரைக் கொல்வது என்ற முடிவை, மிதிக்கும் பாதத்தின் பாரம் எடுக்கிறது. அந்த முடிவை இனிக் கணினி எடுக்கும் ஆயுதங்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023 டிசெம்பரில் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. 2026 ஆம் ஆண்டுக்குள் இதற்கொரு சட்டபூர்வ உடன்பாடு வேண்டும் என்று செயலாளர் நாயகம் அதே ஆண்டில் அழைப்பு விடுத்தார். பேச்சுத் தொடங்குவதற்கும் கையெழுத்துக்கும் இடையில் எத்தனை கால்கள் போகும் என்பதை மிதிவெடியின் வரலாறு சொல்லிவைத்திருக்கிறது.

எங்கள் தொழிலும் இதற்கு விலக்கன்று. செய்தி அறைக்கு வரும் படமொன்று உண்மையில் எடுக்கப்பட்டதா, இயந்திரம் வரைந்ததா என்பதை மூத்த ஆசிரியர்களாலும் கண்ணால் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அவ்வாறு உருவாக்கப்படும் படங்களிலும் ஒலிகளிலும் இயந்திரம் வாசித்தறியக்கூடிய அடையாளம் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஜெனீவாவின் எட்டுக் கிராம் இரும்புதான். தேடினால் அகப்படும்படி எதையாவது உள்ளே விட்டு வையுங்கள் என்று மறுபடியும் கேட்கிறோம். அது போதாது என்பதையும் மறுபடியும் கற்போம்; ஆயினும் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவனை அழைத்தேன். இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல முடியுமா? முகமாலையையும், வாரியையும், அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் மட்டும் சொன்னேன். அவனுடைய அப்பா, என் அண்ணர், முகமாலைச் சாவடியில் என்னோடு வரிசையில் நின்றவர் என்பதையும் சொன்னேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எங்கடை ஆய்வுகூடத்தில நிப்பாட்டுற பொத்தான் ஒண்டு இருக்குச் சித்தப்பா. சிவப்பு நிறத்தில, பெருசா" என்றான். பிறகு மெல்லிய குரலில், "ஆனா அது வெளியில போனாப் பிறகு ஆர் அமத்துறதெண்டு நாங்கள் இன்னும் கதைக்கேல்லை" என்றான்.

நெறிமுறைக் குழுவின் கூட்டம் எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமையாம். போகப் போவதாகச் சொன்னான்.